நியூயார்க் மருத்துவமனையில் சேரும் தமிழ்ச் செவிலியர்களுக்கு: தடுப்பூசியிலிருந்து மருத்துவ விலக்கு கோரும் முறை

நியூயார்க் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை உறுதியானதும், நியமனக் கடிதத்துக்கு அடுத்தபடியாக வந்து சேர்வது பணியாளர் நலப் பிரிவின் மின்னஞ்சல்தான். எல்லோரும் 'எம்ப்ளாயி ஹெல்த்' என்று அழைக்கும் அந்தப் பிரிவு, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை, கக்குவான் இருமல், ஹெபடைடிஸ் பி, இன்ஃப்ளூயன்சா ஆகியவற்றுக்கான சான்றுகளையும் காசநோய்ப் பரிசோதனை முடிவையும் பணியில் சேரும் நாளுக்கு முன்பே பெரும்பாலும் கேட்டுவிடும். பட்டியலின் அடியில், மருத்துவ விலக்கு கோருவோர் தனிப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்று ஒரு வரி இருக்கும்.

அந்த வரியைக் குறுக்குவழி என்று எண்ணுவோர் உண்டு. உண்மையாகவே கடுமையான ஒவ்வாமை இருந்தும், புதிய நாட்டில் வேலை போய்விடுமோ என்று அஞ்சி எதுவும் சொல்லாமல் கையை நீட்டுவோரும் உண்டு. இரு சாராருக்கும் முதலில் தெரிய வேண்டியது இதுதான்: மருத்துவ விலக்கு என்பது ஒரு குறிப்பிட்ட தடுப்பூசி, அதைப் போடக்கூடாததற்கு ஏற்கப்பட்ட ஒரு காரணம், அது செல்லும் கால அளவு ஆகிய மூன்றையும் சொல்லித் தகுதியுள்ள மருத்துவர் கையெழுத்திடும் ஆவணம். 'இவருக்கு எந்தத் தடுப்பூசியும் வேண்டாம்' என்று பொத்தாம் பொதுவாக எழுதப்படும் கடிதம் திரும்பி வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: விதி யாருடையது என்று பாருங்கள்

பட்டியலில் உள்ள தடுப்பூசிகள் எல்லாம் ஒரே சட்டத்தின் கீழ் வருவதில்லை. சிலவற்றை நடுவண் அரசு கேட்கிறது, சிலவற்றை மாநிலம் கேட்கிறது, மீதியை மருத்துவமனை தன் சொந்த விதியாகக் கேட்கிறது. யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே விலக்கு தேவையா, மறுப்புக் கையெழுத்தே போதுமா என்பது முடிவாகும்.

ஹெபடைடிஸ் பி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பணிப் பாதுகாப்புக்கான நடுவண் அமைப்பான ஓஷா, இரத்தவழி பரவும் கிருமிகள் குறித்து 1991-இல் வெளியிட்ட விதிமுறை, கடமையை வேலை தருபவர் மீதுதான் சுமத்துகிறது. இரத்தத்தோடு தொடர்புள்ள பணியில் அமர்த்தப்பட்ட 10 வேலை நாள்களுக்குள் அவர் இந்தத் தடுப்பூசியை இலவசமாக வழங்க முன்வர வேண்டும். ஊழியர் வேண்டாம் என்றால், விதிமுறையின் பின்னிணைப்பிலேயே தரப்பட்டுள்ள வாசகத்தில் கையெழுத்திட்டு மறுக்கலாம். பின்னர் மனம் மாறினால் அப்போதும் இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம். மருத்துவமனை தன் சொந்த விதியால் கட்டாயமாக்கியிருந்தால் அன்றி, இதற்கு மருத்துவ விலக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால், ஊசிக்குத்துக் காயம் என்றாவது ஒருநாள் படக்கூடிய தொழிலில் இருந்துகொண்டு, தக்க காரணம் இல்லாமல் இந்தத் தடுப்பூசியை மறுப்பது எனக்கு அறிவுடைமையாகத் தோன்றவில்லை.

தட்டம்மையும் ரூபெல்லாவும் வேறு வகை. மருத்துவமனை ஊழியர்களுக்கு இவ்விரண்டுக்கும் எதிர்ப்பாற்றல் இருப்பதற்கான சான்றை நியூயார்க் மாநில விதிமுறையே கேட்கிறது. தடுப்பூசி ஊழியரின் உடல்நலத்துக்குத் தீங்காகலாம் என்று உரிமம் பெற்ற மருத்துவரோ பிஸிஷியன் அசிஸ்டென்ட்டோ நர்ஸ் பிராக்டிஷனரோ சான்றளித்தால், அந்தத் தீங்கு நீங்கும் வரை நிபந்தனை பொருந்தாது; விலக்கின் தன்மையும் கால அளவும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும்.

இன்ஃப்ளூயன்சாவுக்கு 2013 முதல் மாநிலத்தில் உள்ள ஏற்பாடு முகக்கவசம். இன்ஃப்ளூயன்சா பரவலாக இருக்கிறது என்று மாநிலச் சுகாதார ஆணையர் அறிவிக்கும் காலம் முழுவதும், தடுப்பூசி போடாத ஊழியர் நோயாளிகள் இருக்கும் இடங்களில் முகக்கவசம் அணிய வேண்டும். கவசத்தை நிறுவனமே இலவசமாகத் தர வேண்டும். மருத்துவமனை இதைவிடக் கடுமையான விதியை வைத்திருக்கக்கூடும் என்பதால், அதன் கொள்கை ஆவணத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கோவிட் குறித்துப் பழைய காணொளிகளையும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளையும் நம்ப வேண்டாம். நியூயார்க் மாநிலம் 2021 ஆகஸ்டில் கொண்டுவந்த கட்டாயமும், நடுவண் அரசு 2021 நவம்பரில் கொண்டுவந்து, 2022 ஜனவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் செல்ல அனுமதித்த கட்டாயமும் 2023-இல் விலக்கிக்கொள்ளப்பட்டன. கலிபோர்னியாவில் வேலை செய்யும் தோழி, இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலே போதும் என்று சொன்னால், அது அந்த மாநில மருத்துவமனைகளுக்கான சட்டம். இங்கே அதைக் காட்ட முடியாது. அதுபோலவே, கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனையில் ஏதேனும் ஒரு தடுப்பூசிக்குத் தளர்வு கிடைத்திருந்தால், அது குடியேற்றத்துக்கான தளர்வு மட்டுமே. மருத்துவமனை அதை விலக்காக ஏற்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: விலக்கு உண்மையில் தேவையா?

விலக்கு கேட்க நினைத்து வருவோரில் பலருக்குத் தேவைப்படுவது பழைய சான்றுதான். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல் அதிகம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இந்தியாவின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைக்கான முதல் ஊசி குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் போடப்படுகிறது. அமெரிக்க முறையிலோ முதல் பிறந்தநாளுக்குப் பின் போட்ட ஊசியே கணக்கில் சேரும். ஆகவே, அம்மா பத்திரமாக எடுத்துவைத்திருந்த மஞ்சள் அட்டையில் தட்டம்மை ஊசி பதிவாகியிருந்தாலும், அது இங்கே எண்ணப்படாமல் போகலாம். ரூபெல்லா சேர்ந்த தடுப்பூசி அரசுத் திட்டத்தில் பரவலாக வந்தது 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தொடங்கிய இயக்கத்துக்குப் பிறகுதான். இன்று செவிலியராக வருவோரில் பெரும்பாலோர் அதற்கு முன்பே வளர்ந்துவிட்டவர்கள். பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் அரசுத் திட்டத்தில் இடமே இல்லை. தனியார் குழந்தை மருத்துவரிடம் போட்டிருந்தால் மட்டுமே அவற்றுக்குப் பதிவு இருக்கும்.

இதற்கு வழி டைட்டர் எனப்படும் இரத்தப் பரிசோதனை. சிறு வயதில் அம்மை வந்து போனவர்களுக்கு எதிர்ப்பாற்றல் இருப்பதை அது காட்டிவிடும். காட்டினால் ஊசியும் தேவையில்லை, விலக்கும் தேவையில்லை. 'ஐயத்துக்குரியது' என்று முடிவு வந்தால், எதிர்ப்பாற்றல் இல்லை என்றே கொள்வார்கள். மாறாக, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியின் இரண்டு தவணையும் உரிய வயதில், குறைந்தது 28 நாள் இடைவெளியில் போட்டதற்கு எழுத்துப் பூர்வமான சான்று இருந்தால், பின்னர் எடுத்த டைட்டர் குறைவாக வந்தாலும் சான்றே மேலானது என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் நிலைப்பாடு. சான்று கையில் இருக்கும்போது தேவையின்றி டைட்டர் எடுத்து நீங்களே குழப்பத்தை வரவழைத்துக்கொள்ள வேண்டாம். ஹெபடைடிஸ் பி இதற்கு விதிவிலக்கு: அதில் கடைசித் தவணைக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனையில் மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

குடியேற்ற விசாவுக்காகச் சென்னையில் மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றபோது சில தடுப்பூசிகளை அங்கேயே போட்டிருப்பார்கள். அந்தத் தடுப்பூசிப் பதிவின் நகலை அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலையில் சேரும்போது பாதிச் சுமை அதிலேயே இறங்கிவிடும். காசநோய்க்கான தோல் பரிசோதனை, குழந்தைப் பருவத்தில் போட்ட பிசிஜி ஊசியின் காரணமாகவே தவறாக வீங்கக்கூடும் என்பதால், அதற்குப் பதிலாக இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். தோல் பரிசோதனைதான் என்றால், எம்எம்ஆர் போடும் அதே நாளில் செய்துகொள்ள வேண்டும். இல்லையேல் நான்கு வாரம் காத்திருக்க நேரும்.

மூன்றாம் படி: உங்கள் காரணம் ஏற்கப்பட்ட காரணமா?

'எனக்கு ஊசி சேராது' என்று நாம் சொல்வதில் பல பொருள்கள் அடங்கியிருக்கின்றன. விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் அவற்றைப் பிரித்துத்தான் பார்ப்பார்.

அந்தத் தடுப்பூசியைப் போடவே கூடாத நிலைகள் மிகச் சில. அதே தடுப்பூசியின் முந்தைய தவணைக்குப் பிறகோ அதில் உள்ள ஒரு பொருளாலோ அனாபிலாக்சிஸ் எனப்படும் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருப்பது அவற்றில் முதன்மையானது. எம்எம்ஆரில் நியோமைசினும் ஜெலட்டினும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகள் பலவற்றில் ஈஸ்ட்டும் அத்தகைய பொருள்கள். கடுமையான எதிர்ப்பாற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு எம்எம்ஆர், சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் கூடாது. கக்குவான் இருமலுக்கான தடுப்பூசி போட்ட ஏழு நாள்களுக்குள், வேறு காரணம் காண முடியாத மூளைப் பாதிப்பு ஏற்பட்டவருக்கு மறுபடி அதைப் போடக்கூடாது. ஆனால் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டுமான ஊசியைப் போடலாம்.

இன்னொரு வகை, மருத்துவர் எடைபோட்டு முடிவு செய்ய வேண்டிய எச்சரிக்கை நிலை. இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்ட ஆறு வாரங்களுக்குள் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் வந்திருந்தால் அது இவ்வகையில் அடங்கும்.

மூன்றாவது வகைக்குத் தேவை விலக்கு அன்று, ஒத்திவைப்பு. கருவுற்றிருக்கும்போது எம்எம்ஆரும் சின்னம்மைத் தடுப்பூசியும் கூடாது. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை இரண்டு வாரமோ அதற்கு மேலோ எடுத்தவர், நிறுத்திய பின் குறைந்தது ஒரு மாதம் உயிருள்ள தடுப்பூசிகளுக்குக் காத்திருக்க வேண்டும். அண்மையில் இரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றப்பட்டிருந்தால் அதன் வகையைப் பொறுத்து மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: கருவுற்ற அதே பெண்ணுக்கு இன்ஃப்ளூயன்சா ஊசி போடலாம் என்பதோடு, கக்குவான் இருமல் சேர்ந்த டீடேப் ஊசியை 27 முதல் 36 வாரங்களுக்குள் போட்டுக்கொள்ளும்படி பரிந்துரையும் இருக்கிறது. ஆக, கர்ப்பத்தைக் காட்டி முழுப் பட்டியலையும் தள்ளிப்போட முடியாது.

காரணம் ஆகாதவற்றின் பட்டியல்தான் நீளம். முன்பு ஊசி போட்டபோது கை வீங்கியது, இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, ஊசியைக் கண்டு மயக்கம் வந்தது, இப்போது லேசான சளி இருக்கிறது, அண்ணனுக்கு ஒவ்வாமை உண்டு என்பவை எல்லாம் இதில் சேரும். வீட்டில் மாமியார் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது எம்எம்ஆரைத் தவிர்க்கக் காரணம் ஆகாது. அத்தகையவர் வீட்டில் இருப்பதே நீங்கள் போட்டுக்கொள்வதற்கு நல்ல காரணம். முட்டை ஒவ்வாமை பற்றிய பழைய அச்சமும் தீர்ந்துவிட்டது. 2023-24 பருவத்திலிருந்து, முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இன்ஃப்ளூயன்சா ஊசி போடும்போது கூடுதல் முன்னெச்சரிக்கைகூடத் தேவையில்லை என்றாகிவிட்டது. முட்டையே பயன்படாத ஃப்ளூபிளாக், ஃப்ளூசெல்வாக்ஸ் ஆகியவையும் கிடைக்கின்றன.

இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. பொருள் ஒவ்வாமையைக் காரணம் காட்டினால், அந்தப் பொருள் இல்லாத வேறு தயாரிப்பு இருக்கிறதா என்று பரிசீலிப்பவர் கட்டாயம் பார்ப்பார். எம்எம்ஆரில் உள்ள ஜெலட்டின் ஒத்துக்கொள்ளாதவருக்கு, 2022 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, ஜெலட்டின் சேராத ப்ரையாரிக்ஸ் என்ற மற்றொரு எம்எம்ஆர் தயாரிப்பைப் போடலாமே என்று அவர் கேட்பார். இந்தக் கேள்விக்கு விடை உங்கள் மருத்துவரின் கடிதத்திலேயே இருந்தால் ஒரு சுற்று மிச்சம். சைவம் என்பதால் ஜெலட்டின் வேண்டாம் என்பவர்கள் மருத்துவப் படிவத்தை நிரப்பக் கூடாது. அது 1964-ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டத்தின் கீழ் வரும் சமய நம்பிக்கைக் கோரிக்கை. அதற்குப் படிவமும் வேறு, அளவுகோலும் வேறு.

நான்காம் படி: கடிதமும் ஆதாரமும்

விலக்கிக்கொள்ளப்பட்ட நடுவண் அரசின் கோவிட் விதி, கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று தெளிவாக வரையறுத்திருந்தது. விதி போனாலும் அளவுகோல் இன்றும் உதவும். எந்தத் தடுப்பூசி கூடாது, ஏற்கப்பட்ட மருத்துவக் காரணம் என்ன, ஆகவே இவருக்கு விலக்கு அளிக்கலாம் என்ற பரிந்துரை ஆகிய மூன்றும் வேண்டும். உரிமம் பெற்ற மருத்துவர் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். அவர் விலக்கு கோருபவராகவே இருக்கக் கூடாது. இவற்றோடு கால அளவையும் எழுதச் சொல்லுங்கள்.

'நோயாளிக்குப் பல ஒவ்வாமைகள் உள்ளதால் தடுப்பூசியிலிருந்து விலக்கு அளிக்கவும்' என்பது பயனற்ற கடிதம். 'இன்ன ஆண்டில் எம்எம்ஆர் முதல் தவணை போட்ட பத்து நிமிடத்தில் மூச்சுத்திணறலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் ஏற்பட்டு எபிநெஃப்ரின் கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வாமை நிபுணர் பரிசோதித்ததில் நியோமைசின் காரணம் எனத் தெரிகிறது. மாற்றுத் தயாரிப்பிலும் அது இருப்பதால் எம்எம்ஆர் நிரந்தரமாகக் கூடாது' என்பது பயனுள்ள கடிதம். ஊரில் நடந்த நிகழ்வு என்றால், அங்கு சேர்க்கப்பட்டிருந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியை வரவழையுங்கள். ஊசி என்ற சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் வழங்குவதால், சிறு வயதில் சேராமல் போனது தடுப்பூசியா, பென்சிலினா என்பதைப் பெற்றோரிடம் விசாரித்துத் தெளிவுபடுத்திக்கொள்வதும் நல்லது.

நம் குடும்பங்களில் ஒரு டாக்டராவது இருப்பார். அத்தை மகனிடம் கடிதம் வாங்குவது எளிதுதான். ஆனால் உங்களை ஒருநாளும் சோதித்திராத உறவினரின் கடிதம் ஐயத்தையே கிளப்பும். உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரோ ஒவ்வாமை நிபுணரோ எழுதட்டும். புதிதாக வந்தவர்களுக்கு நிபுணரைப் பார்க்கும் நாள் கிடைக்கவே வாரங்கள் ஆகலாம் என்பதால், வேலை உறுதியான அன்றே தேதி கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஒப்படைப்பும் பேச்சும்

படிவத்தையும் கடிதத்தையும் எம்ப்ளாயி ஹெல்த் பிரிவிடம் மட்டும் கொடுங்கள். வார்டு மேலாளருக்கு நோய் விவரம் தேவையில்லை. ஊழியரின் மருத்துவத் தகவல்களைப் பணிப் பதிவேட்டோடு சேர்க்காமல் தனிக் கோப்பில் இரகசியமாக வைக்க வேண்டும் என்பது 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கட்டளை. ஒப்படைத்ததற்கு மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கி, நகல்களை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். முகவர் நிறுவனம் வழியாகப் பணிக்கு வந்தவர்கள், நிறுவனம், மருத்துவமனை ஆகிய இரண்டிடமும் தனித்தனியே கொடுக்க வேண்டியிருக்கும். ஒன்று ஏற்றால் மற்றது தானாக ஏற்கும் என்று இருந்துவிட வேண்டாம்.

15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்களுக்குப் பொருந்தும் அதே சட்டத்தின்படி, மருத்துவக் காரணத்தால் தடுப்பூசி போட முடியாதவருக்குத் தகுந்த மாற்று ஏற்பாடு உண்டா என்று நிறுவனம் அவரோடு கலந்து பேச வேண்டும். சட்டச் சொற்களைப் பயன்படுத்திக் கேட்க வேண்டும் என்பதில்லை. 'எனக்கு இந்த மருத்துவக் காரணம் இருக்கிறது, வேறு வழி உண்டா' என்பதே போதும். கூடுதல் ஆவணம் கேட்டால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் விரைந்து கொடுங்கள். கருவுற்றவர்களுக்கு, 2023 ஜூன் 27 முதல் நடைமுறையில் உள்ள கர்ப்பிணித் தொழிலாளர் நியாயச் சட்டமும் துணை நிற்கும். முடிவு வரும் வரை பணிக்கு வரலாமா என்பதை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஆறாம் படி: விலக்கு கிடைத்த பின்

விலக்கு கிடைத்தால் முகக்கவசம், எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளிகள் இருக்கும் பிரிவிலிருந்து இடமாற்றம் போன்ற நிபந்தனைகள் கூடவே வரலாம். அதைவிடப் பெரிய விளைவு பலருக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. எதிர்ப்பாற்றல் சான்று இல்லாத ஊழியர் தட்டம்மை நோயாளியின் அருகில் இருக்க நேர்ந்தால், முதல் தொடர்பின் 5-ஆம் நாள் முதல் கடைசித் தொடர்பின் 21-ஆம் நாள் வரை பணியிலிருந்து விலக்கி வைக்கப்படுவார். சின்னம்மைக்கு 8-ஆம் நாள் முதல் 21-ஆம் நாள் வரை. மருத்துவ விலக்குக் கடிதம் இதைத் தடுக்காது. அந்த நாள்களுக்கு ஊதியம் உண்டா, உங்கள் விடுப்பிலிருந்து கழிக்கப்படுமா என்பதை விலக்கு கிடைத்த அன்றே கேட்டுவையுங்கள்.

மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கடிதத்தில் விவரம் போதவில்லை என்பதே காரணமாக இருந்தால், திருத்திய கடிதத்தோடு மேல்முறையீடு செய்யுங்கள். நீங்கள் பிறருக்கு நேரடி ஆபத்தாக இருப்பீர்கள் என்று நிறுவனம் சொன்னால், ஆபத்து எவ்வளவு காலம், எவ்வளவு கடுமை, நடக்க எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு அண்மையில் என்ற நான்கையும் உங்கள் நிலையைத் தனியே எடுத்து ஆராய்ந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே பதிலை அச்சடித்துக் கொடுப்பது போதாது. ஆராய்ந்த பின்னும் ஏற்பாடு பெரும் சுமையாகும் என்றால் நிறுவனம் மறுக்கச் சட்டம் இடம் தருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். தொழிற்சங்கம் இருந்தால் அதன் பிரதிநிதியை அணுகலாம். ஜாப் அகாமடேஷன் நெட்வொர்க் என்ற சேவை இலவசமாக ஆலோசனை சொல்கிறது. சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் செய்வதாக இருந்தால், நியூயார்க்கில் மறுப்பு நடந்த நாளிலிருந்து 300 நாள்களுக்குள் செய்ய வேண்டும். விலக்கு கேட்டதற்காகவோ புகார் செய்ததற்காகவோ பழிவாங்குவது சட்டவிரோதம்.

தற்காலிக விலக்குப் பெற்றவர்கள் அது முடியும் நாளை நாள்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். ரூபெல்லா எதிர்ப்பாற்றல் இல்லாத தாய்க்குப் பிரசவம் முடிந்து வீடு திரும்பும் முன்பே எம்எம்ஆர் போடுவது வழக்கம். தாய்ப்பால் கொடுப்பது அதற்குத் தடையில்லை. மகப்பேறு வார்டில் அந்த ஊசியைப் போடும் செவிலியரிடமே தேதியும் லாட் எண்ணும் எழுதிய சான்றை வாங்கி, வேலைக்குத் திரும்பும் முன் எம்ப்ளாயி ஹெல்த் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டாம் தவணைக்கான 28 நாள் கணக்கு அன்றிலிருந்து தொடங்கும்.